பூண்டு உரிக்காத காலை

முறத்தில் பூண்டு அப்படியே கிடக்கிறது. காலைச் சாப்பாட்டை அனுப்பியதிலிருந்து அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன், ஒரு பல்கூட உரித்தபாடில்லை. மற்ற நாளாயிருந்தால் இந்நேரம் நகக்கண் எரிய ஆரம்பித்திருக்கும், சமையலறை முழுக்க நெடி ஏறியிருக்கும், கூடத்திலிருந்து இவர் ஒரு தும்மல் போட்டிருப்பார். இன்றைக்குத் தும்மலும் இல்லை, அவரும் இல்லை. பீளமேட்டு வாடிக்கைக்குக் காலைச் சாப்பாட்டைக் கொண்டு போயிருக்கிறார். வந்ததும் கேட்பார், சிந்துஜாவுக்கு மத்தியானச் சாப்பாடு தயாரா என்று. என்ன சொல்வேன்? பூண்டு உரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன் என்றால் சிரிப்பார். இத்தனை வருஷமாகப் பிள்ளை பெற்றவர்களுக்குப் பத்தியம் சமைத்துக் கொடுக்கிறவள், சிங்காநல்லூர் அம்சவேணி என்றால் ஆஸ்பத்திரி ஆயாக்களுக்கே தெரியும், அவளுக்குப் பூண்டில் சந்தேகமாம். சிரிக்கட்டும். அவருக்கென்ன, வண்டியில் மாட்டிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வருகிறவர். திறந்து பார்க்கப் போகிறவள் அந்தப் பெண்.

போனை மறுபடியும் எடுத்துப் பார்க்கிறேன். எத்தனை முறை பார்த்தாலும் அதே ஒரு வரிதான். 'நாளையிலிருந்து ஆரம்பிக்கலாம் அக்கா.' நேற்றுச் சாயங்காலம் வந்தது. பார்த்த உடனே முகமெல்லாம் பல்லாகி, அதற்குக் கீழே வரப்போகிற படத்துக்காகக் காத்திருந்தேன். எல்லோரும் படம் அனுப்புவார்கள். துணியில் சுற்றிய முகம், மூடின கை, சில சமயம் வெறும் பாதம். 'பையன்க்கா', 'குட்டி வந்துட்டாக்கா' என்று பின்னாலேயே ஒரு வரி, லட்டுப் பொம்மை, இருதயப் பொம்மை, என் போனே நிறைந்து போகும். சிந்துஜாவிடமிருந்து ஒன்றும் வரவில்லை. அப்புறம்தான் உறைத்தது, இன்னும் நாளிருக்கிறதே, அடுத்த அமாவாசைக்குப் பிறகு என்றல்லவா டாக்டர் சொல்லியிருந்தார்? அப்புறம்தான் அவள் பேருக்குப் பக்கத்திலிருந்த வட்டத்தைக் கவனித்தேன். வளைகாப்பு அன்று முழங்கை வரை வளையல் போட்ட கை இருந்தது அதில். இப்போது சாம்பல் நிறத்தில் வெறும் வட்டம். அதைப் பார்த்துவிட்டு, 'சரி கண்ணு' என்று மட்டும் போட்டேன். சரி கண்ணு! வேறு என்ன போடுவது? கண் திருஷ்டிக்காகப் படத்தை எடுத்திருக்கலாம். குறைமாசம் என்பதால் குழந்தையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கலாம், பிழைத்து வரட்டும் என்று வாயை மூடிக்கொண்டிருக்கலாம். இல்லையென்றால். இந்த 'இல்லையென்றால்' வந்ததும் மனசு அந்த இடத்திலேயே மாடு மாதிரி படுத்துக்கொள்கிறது, எழுப்பினாலும் எழுந்திருக்க மாட்டேன் என்கிறது.

இதெல்லாம் நான் செய்து வைத்த ஏற்பாட்டால் வந்த வினை. வேறு யாரை நோக? முன்பதிவு என்று ஆரம்பித்ததே என் வசதிக்குத்தான். எந்த மாசம் எத்தனை பேர் என்று தெரிந்தால்தானே வத்தல், திப்பிலி, நல்லெண்ணெய் எல்லாம் பதம் பார்த்து வாங்கி வைக்க முடியும்? ஜெராக்ஸ் கடைப் பெண் ஒரு நோட்டீஸ் போட்டுக் கொடுத்தாள், 'பத்தியச் சாப்பாடு, மாதச் சந்தா, முன்பதிவு வசதி உண்டு' என்று. மேலே ஒரு குழந்தை படம், கையில் பால் புட்டி. தாய்ப்பால் ஊறுவதற்குச் சமைக்கிறவள் நோட்டீஸில் புட்டியைப் போட்டாயே மகராசி என்று தலையில் அடித்துக்கொண்டேன். ஆனால் புட்டியை விடப் பெரிய வம்பு முன்பதிவு என்ற சொல்லில் இருந்தது. மாமியார்கள் கதவோரம் நின்று முகத்தைச் சுளித்தார்கள். பிறப்பதற்கு முன்னால் தொட்டில் வாங்க மாட்டோம், சட்டை வாங்க மாட்டோம், பத்தியத்துக்கு மட்டும் பேர் கொடுப்போமா? அது நியாயம்தானே? அதனால் ஒரு வழி பண்ணினேன். முன்கூட்டிப் பணம் வாங்க மாட்டேன், பேர் எழுத மாட்டேன், தேதி கேட்க மாட்டேன். செலவுச் சாமானை மட்டும், அதுதான் மிளகு, சுக்கு, சித்தரத்தை, திப்பிலி, எல்லாம் சேர்ந்த பிரசவ மருந்து, ஒரு துணியில் முடிந்து வைத்துவிடுவேன். இடிக்க மாட்டேன். சேதி வந்த பிறகுதான் உரலில் போடுவேன். சேதியையும் விலாவாரியாகச் சொல்ல வேண்டாம், 'ஆரம்பிக்கலாம்' என்று ஒரு வார்த்தை போட்டால் போதும், நான் புரிந்துகொள்வேன். எல்லோருக்கும் பிடித்துவிட்டது. மாமியார்களே கூப்பிட்டுச் சொல்லி வைக்க ஆரம்பித்தார்கள். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். அந்த ஒரு வார்த்தைக்குள் எது வேண்டுமானாலும் ஒளிந்துகொள்ளும் என்பது அப்போது தோன்றவே இல்லை.

சிந்துஜாவின் செலவுச் சாமானைக் காலையிலேயே இடித்துவிட்டேன். அதில் சந்தேகமில்லை. அது பெற்றவளின் வயிற்றுக்கு, இடுப்புக்கு, உள்ளே இருக்கிற புண்ணுக்கு. தொட்டிலில் என்ன இருக்கிறது என்று அது பார்க்காது. தகராறெல்லாம் பூண்டோடுதான். பூண்டு பாலுக்கு. பூண்டு, முருங்கைக் கீரை, வெந்தயக் கஞ்சி. குழந்தை பெட்டிக்குள் இருந்தால் அதற்கு ஒவ்வொரு சொட்டும் உயிர், இன்றைக்கே பால் ஊற வேண்டும், நான் பூண்டைக் குறைத்தால் பாவி. குழந்தை இல்லையென்றால் ஊறுகிற ஒவ்வொரு சொட்டும் அவளுக்கு வேதனை, நான் பூண்டைப் போட்டால் பாவி. எதற்கும் இரண்டு கேரியர் கட்டலாமா என்று நடுவில் ஒரு யோசனை. இதில் பூண்டு, அதில் இல்லை, நீயே எடுத்துக்கொள் கண்ணு. அவள் இரண்டையும் திறந்து, இரண்டு குழம்பையும் பார்த்து, ஓகோ, இவளுக்கும் தெரியவில்லையா, இவளும் இப்படி நினைத்துவிட்டாளா என்று... சீ, அதை விடக் கொடுமை வேறு வேண்டாம்.

ருக்மணியின் ஞாபகம் வந்தே தீரும் என்று தெரியும், வந்துவிட்டது. மில் லைன் வீட்டில் நாங்கள் இருந்தபோது பக்கத்து வீடு. பிறந்த அன்றே போய்விட்டது அவளுடையது. பிள்ளைதான் இல்லையே, பத்தியம் எதற்கு என்று வீட்டில் மறுநாளே பழைய சோறும் மிளகாய்க் குழம்பும் போட்டுவிட்டார்கள். இன்னொரு பக்கம், சேதி தெரியாத ஒரு சொந்தம் ஆனைமலையிலிருந்து பஸ் பிடித்து ஒரு தூக்குப்போசி நிறையப் பூண்டுக் குழம்பு கொண்டுவந்து, வாசலிலேயே நின்று, குட்டி எங்கே என்று சத்தமாகக் கேட்டது. நான் அப்போது அங்கேதான் இருந்தேன். ருக்மணி அழவில்லை. மூடியைத் திறந்து குழம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரவிக்கை முன்பக்கம் நனைந்து, நனைந்தது பெரிதாகிக்கொண்டே போனது. அவள் குனிந்து பார்க்கவுமில்லை, மறைக்கவுமில்லை. லைன் வீட்டுப் பெண்கள்தான் தலைக்கு வைத்திருந்த மல்லிகையை அவிழ்த்து அவள் மாரில் வைத்துக் கட்டினார்கள். பால் வற்றுமென்று அப்படிக் கட்டுவது வழக்கம். அறை முழுக்கக் கல்யாண வீட்டு வாசனை. எனக்கு இன்றைக்கும் மல்லிகை வாங்கினால் இரண்டு முழத்துக்கு மேல் வாங்கப் பிடிக்காது.

போன் போட்டு என்ன குழந்தை என்று கேட்டுவிட்டால் முடிந்தது. நேற்று இவரும் அதைத்தான் சொன்னார். "ஏம்புள்ள, இதுக்குப் போயி சோறு திங்காம உக்காந்திருக்கற? போனப் போட்டு என்ன கொழந்தைன்னு கேட்டுப்போடு." எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார். "கேக்கறீங்களே, நீங்களே கேளுங்களே பாக்கலாம்" என்றேன். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். ஊரில் யார் வேண்டுமானாலும் கேட்கலாம் அந்தக் கேள்வியை. பால்காரர் கேட்கலாம், வாட்ச்மேன் கேட்கலாம். நான் கேட்டால் அதற்கு வேறு அர்த்தம் வந்துவிடும். எனக்குப் பிள்ளை இல்லை. சொல்வதில் எனக்கு இப்போது வெட்கமோ துக்கமோ பெரிதாக இல்லை. ஒரு காலத்தில் இருந்தது, கோயில் குளமெல்லாம் சுற்றின காலத்தில், இப்போது மிச்சமிருப்பது கொஞ்சம் எரிச்சல்தான். பத்தியம் சமைக்கிறவளுக்குப் பிள்ளை இல்லை என்று தெரிந்து ஒரு மாமியார் கேரியரை மூடி திறக்காமல் திருப்பி அனுப்பினாள். "ஒண்ணும் நெனச்சுக்காதீங்க, பச்சப் புள்ள இருக்கற எடம்" என்று சொல்லச் சொன்னாளாம். இவர் அதை என்னிடம் சொல்லாமல் பஸ் ஸ்டாண்டில் யாரோ பசிக்கிறவருக்குக் கொடுத்துவிட்டு வந்து, நல்லாயிருக்குதாம் என்று பொய் சொன்னார். பொய் சொல்லத் தெரியாத முகம். அன்றிலிருந்து எந்த வீட்டு வாசலுக்கும் நான் போவதில்லை. அவர் போகிறார், நான் சமைக்கிறேன். எந்தக் குழந்தையையும் நேரில் பார்த்ததில்லை, படத்தில்தான் பார்த்திருக்கிறேன். இந்தப் பக்கத்துப் பிள்ளைகளில் பாதி என் பூண்டில் வளர்ந்தது என்று மட்டும் தனியாக இருக்கும்போது நினைத்துக்கொள்வேன்.

சிந்துஜாவுக்கும் தெரியும். நானேதான் சொன்னேன், அவள் முதல் தடவை வந்தபோது. ஆபீஸ் முடிந்து, அடையாள அட்டை கழுத்திலேயே தொங்க, மூச்சு வாங்க மாடியேறி வந்தாள். அம்மா இல்லை, அவள் காலேஜ் படிக்கும்போதே போய்விட்டார். மாமியார் வெளிநாட்டில் மகள் வீட்டில் இருக்கிறார். "எனக்குன்னு பத்தியம் வைக்க ஆளில்லக்கா, அதான் இப்பவே சொல்லி வச்சுக்கலாம்னு" என்றாள். ருசி பார்க்கக் கொஞ்சம் சோறும் ரசமும் கொடுத்தேன். தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, கூச்சமேயில்லாமல் இன்னும் கொஞ்சம் கேட்டாள். எனக்கு அந்தக் கணமே பிடித்துவிட்டது. பிடித்ததால்தான் சொன்னேன், பின்னால் யாரோ சொல்லித் தெரிந்துகொள்வதை விட நானே சொல்வது நல்லது என்று. "எனக்குக் கொழந்தை இல்லீங்க கண்ணு. உங்க வீட்ல பெரியவங்க யாராச்சும் யோசிப்பாங்கன்னா இப்பவே சொல்லிப்போடுங்க, ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்." அவளோ, என் கையைப் பிடித்துத் தன் வயிற்றில் வைத்துக்கொண்டாள். எண்ணெய்க் கை, புடவையெல்லாம் ஆகிவிடும் என்கிறேன், விடவில்லை. உள்ளே ஒரு உதை. நான் வாழ்நாளில் உணர்ந்த முதல் உதை. "ரசம் புடிச்சிருக்காம்" என்றாள். அவள் போன பிறகு அந்தக் கையை உடனே கழுவ மனசு வரவில்லை. அந்த உதை. அந்தக் கால். அந்தக் கால் இப்போது எங்கே இருக்கிறது? பெட்டிக்குள்ளா? வேண்டாம், நினைக்காதே அம்சவேணி, ரசத்தைப் பார்.

ரசத்துக்குப் புளி கரைத்தாயிற்று. செலவுப் பொடியைப் போட்டு, நுரை கட்டுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். சுண்டைக்காய் வத்தல் நல்லெண்ணெயில் பொரிந்துவிட்டது. சோறு குழைய வெந்துவிட்டது. எல்லாம் பூண்டுக்காகத்தான் காத்திருக்கிறது. வெயில் சன்னல் கம்பியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது. வண்டிச் சத்தம் கேட்கிறது, ஸ்டாண்ட் போடுகிற சத்தம், அவர் செருப்புச் சத்தம். காலி கேரியரை வாசற்படியில் வைத்துவிட்டு, போகாமல் நிற்கிறார். ஏதோ சொல்ல வேண்டியிருக்கிறது, சொல்ல வரவில்லை. கழுத்தைச் சொறிகிறார். "என்னங்க?" என்றேன். "அந்தப் பீளமேட்டுப் புள்ள..." என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். "அவங்க வீட்டுக்காரர் வெளிய வந்து கேட்டாரு. அந்தப் புள்ளைக்கு... பால் கட்டிக்கிச்சாம். வலி தாங்காம அழுவுதாம். உன்னக் கேட்டுச் சொல்லச் சொன்னாங்க." காது வரைக்கும் சிவந்து போய்விட்டது மனுஷனுக்கு. மில்லில் சங்கத்துக்காகத் தொண்டை கிழியக் கத்தினவர், பால் கட்டிக்கொண்டது என்ற ஒரு வார்த்தைக்கு இந்தப் பாடு. சுடுதண்ணியில் துணி நனைத்து ஒத்தடம் கொடுக்கச் சொல்லுங்கள், குழந்தையை அடிக்கடி போட்டுவிடச் சொல்லுங்கள், காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் போகச் சொல்லுங்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தவள், பாதியில் நின்றுவிட்டேன். பால் கட்டிக்கொண்டதா என்று யாரையும் கேட்கலாம். அந்தக் கேள்வி குழந்தையைப் பற்றியதே அல்ல. அவளைப் பற்றியது. குழந்தை மடியில் இருந்தாலும் கட்டும், பெட்டியில் இருந்தாலும் கட்டும், எங்குமே இல்லாவிட்டாலும் கட்டும். ருக்மணியை அன்றைக்கு ஒருத்தராவது வலிக்கிறதா என்று கேட்டோமா? குட்டி எங்கே என்று கேட்டவளும் குட்டியைத்தான் கேட்டாள், வாயை மூடிக்கொண்ட நாங்களும் குட்டியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அடுப்பைக் குறைத்துவிட்டுப் போனை எடுத்தேன். கை ஈரம், திரை தொட்டால் நகரவில்லை, முந்தானையில் துடைத்துக்கொண்டு மறுபடி தொட்டேன். எடுக்க மாட்டாள் என்று நினைத்தேன், எடுக்காமல் போனால் நல்லது என்றும் நினைத்தேன். உடனே எடுத்துவிட்டாள். "அக்கா" என்றாள். அந்தக் குரலில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பின்னால் அழுகைச் சத்தம் கேட்கிறதா என்று காதை நெருக்கினேன், மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது.

"கண்ணு, பால் கட்டியிருக்குதா? வலிக்குதா சாமி?"

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கேட்டிருக்கக் கூடாதோ, என் வாயால் எதைக் கேட்டாலும் இப்படித்தானோ என்று போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"ஆமாக்கா" என்றாள். "கல்லு மாதிரி இருக்கு. ரெண்டு பக்கமும். படுக்க முடியல. மாத்திரை குடுத்தாங்க, இன்னும் நிக்கல. நைட்டி மாத்திக்கிட்டே இருக்கேன். அதுக்குத் தெரியலக்கா. ஆளில்லன்னு அதுக்கு யாரு சொல்றது?"

இவர் வாசற்படியில் நின்று என்னைப் பார்க்கிறார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். அவருக்குப் புரிந்துவிட்டது, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, முறத்திலிருந்த பூண்டைச் சத்தமில்லாமல் எடுத்து அலமாரிக்குள் வைத்தார். அழக் கூடாது, நான் அழுதால் அவள் என்னைத் தேற்ற வேண்டியதாகிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். "கண்ணு, சாப்பாடு வருது" என்றேன். "பூண்டு போடல. கீரை போடல. செலவு ரசம் வச்சிருக்கறேன், சுண்டைக்கா வறுத்திருக்கறேன். நீ பெத்தவ. மாசம் பூரா நீ பத்தியம் இருக்கோணும், நான் அனுப்பறேன். இன்னைக்கு நானே கொண்டாறேன். பச்சத்தண்ணில ஒத்தடம் போட்டுவிட்டுட்டு, மல்லிகைப்பூ வச்சுக் கட்டிவிடறேன். மெதுவா வத்திரும்."

"வாங்கக்கா" என்றாள். அப்புறம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். அப்புறம், சின்னக் குழந்தை முறைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி, "நீங்களும் கேக்கல பாத்தீங்களா" என்றாள்.

"என்னது சாமி?"

"ஆரம்பிக்கலாம்னு போட்டா ஒடனே என்ன குழந்தைன்னு கேப்பீங்கன்னு நெனச்சேன். எல்லார்கிட்டயும் கேப்பீங்கதான? யாருமே கேக்கலக்கா. எல்லாரும் வர்றாங்க, சாப்டியாங்கறாங்க, தூங்குங்கறாங்க, அடுத்தது பாத்துக்கலாங்கறாங்க. அவரு ஆபீஸ்ல கேக்கல, பக்கத்து வீட்ல கேக்கல. ஒண்ணு பொறக்கவேயில்லாத மாதிரி இருக்காங்க. நீங்க கேப்பீங்கன்னுதான் மொத மொதல்ல உங்களுக்கு மெசேஜ் போட்டேன். நீங்க சரி கண்ணுன்னு போட்டீங்க."

நேற்றிலிருந்து எந்தக் கேள்விக்குப் பயந்து சாப்பிடாமல் கிடந்தேனோ, அதைக் கேட்கவில்லையே என்று ஒருத்தி அங்கே அழுதுகொண்டிருந்திருக்கிறாள். என் வாயிலிருந்து வரக் கூடாது என்று ஊர் முடிவு பண்ணின கேள்வி, நானும் சரியென்று ஒத்துக்கொண்ட கேள்வி, இவளுக்கு என் வாயிலிருந்துதான் வேண்டுமாம். தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"என்ன கொழந்தை கண்ணு?"

"பொண்ணுக்கா" என்றாள் சிந்துஜா. உடனே, யாரோ நிறுத்திவிடுவார்களோ என்று பயந்தவள் மாதிரி வேகமாக, "தலை நெறைய முடிக்கா. இவ்வளவு முடி. நர்ஸ்கூட சொன்னாங்க. விரலெல்லாம் நீளம் நீளமா. மூக்கு அவரு மூக்கு, ஐயோ, அத மட்டும் வாங்கிட்டு வந்திருக்கா" என்று சொல்லி, சிரிப்பும் அழுகையும் கலந்து ஒரு சத்தம் போட்டாள்.

இவர் கேரியரைத் துடைத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கொஞ்சம் பொறுங்கள் என்று சைகை காட்டிவிட்டு, அடுப்பை அணைத்தேன். மேடையில் சாய்ந்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துகொண்டேன்.

"நெறம்?" என்று கேட்டேன். "நெறம் யாராட்ட சாமி?"